இசைத்தட்டுக்கு மூன்று கோட் லாக்கர்

தெரியாததைத் தெரியும் என்று சொல்வதில் நான் என்றைக்குமே சளைத்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் தற்காலிக குமாஸ்தாவாக இருந்தேன். வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்பது முதலாளியின் கையில் இருந்தது.

எங்களிடம் தோல் வாங்கும் ஜெர்மன்காரர் ஒருவர் முதலாளிக்கு ஓர் இசைத்தட்டைப் பரிசாக அனுப்பியிருந்தார். அட்டையில் சாக்ஸபோனைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர். 'போஸ்ட்-பாப்' வகை ஜாஸ், தனக்கு உயிர் என்று கடிதம் வேறு. அடுத்த வாரம் அவரே விருந்துக்கு வருகிறார்.

"நீதான் சர்ச்சுல பாடறவனாச்சே. இந்த மியூசிக்லாம் தெரியுமில்ல?" என்றார் முதலாளி.

"நல்லாத் தெரியும் சார்." (கிறிஸ்துமஸ் பாட்டு நாலு தெரியும்.)

விருந்தன்று காலையில்தான் போட்டுக் கேட்டேன். சாக்ஸபோன் ஒழுங்காகத்தான் தொடங்கியது. பிறகு கிறீச்சிட்டது, அலறியது. டிரம் ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம் ஓடின. கப்பலில் வந்ததில் தட்டில் கீறல் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டி ஃபினிஷிங் செக்‌ஷனுக்கு ஓடினேன்.

மேஸ்திரி பாஷா பாய் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து அதிர்ந்துபோனார். "இன்னா தம்பி, முழுக்கக் கோடு கோடா இருக்குது! தோலா இருந்தா ரிஜெக்ட்டுதான்."

"போகுமா பாய்?"

"ஆட்டுத்தோல்ல முள்ளு கிழிச்சதையே மறைக்கிறோம். இது இன்னா ஜாஸ்தி வேலையா?"

தோலுக்குப் பளபளப்பு ஏற்றும் லாக்கர் பூச்சை ஒரு பக்கத்துக்கு மூன்று கோட் அடித்தார். தட்டு பளபளத்தது. மறுபக்கத்துக்கு நேரமில்லை.

விருந்தில் ஊசியை வைத்தேன். சர்ரென்று வழுக்கி நடுவில் போய் நின்றது. மறுபடி வைத்தேன், மறுபடி சர்ர். (முதலாளி அதற்கும் தலையாட்டி ரசித்தார்.) ஜெர்மன்காரர் எழுந்து வந்து தட்டை முகர்ந்தார். தோலில் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கும் தொழில் பழக்கத்தில் வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை. "குட் ஃபினிஷ்" என்றார் பரிதாபமாக. பிறகு தட்டைத் திருப்பிப் போட்டார்.

அங்கேயும் அதே கிறீச், அதே அலறல். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் வழிந்தது. "இந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேட்பேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். அதுதான் பாட்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவமானத்தில் பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "உன்ன பெர்மனன்ட் பண்ணிட்டேன். ஆஃபீஸ்ல இல்ல. பாஷா பாய்கிட்ட போ."

போனேன். ரிட்டயராகும் வரை லாக்கர்தான் அடித்தேன். இன்றைக்கும் வீட்டில் யாருடைய செல்போனிலாவது கீறல் விழுந்தால், என் மனைவி முதல் வேலையாக அதை என் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கிறாள்.