வேன் பட்டியலிலிருந்து விழுந்துபோன கடைசி குரூப்

ஸ்ரீரங்கம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மருமகன் வளவனுக்கு உன் மாமன் பிச்சமுத்து எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவது முறை என்பதால் அப்படியே தொடங்குகிறேன். உண்மையில் இங்கு யாரும் நலமாக இல்லை. உன் அம்மா, அதாவது என் கூடப்பிறந்த ராசாத்தி அக்கா, என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. என் மகள் யமுனாவின் கல்யாணத்துக்கு அவளை அழைத்துப் போக வேன் வரவில்லை. வராததற்குக் காரணம் நீ டப்ளினில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிற டேட்டாபேஸ். போனில் கேட்டால் "மாமா, அது பக் இல்ல, புரோகிராம்ல பிழையே இல்ல, ஸ்டாண்டர்டு" என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். அதனால் எழுத்திலேயே தருகிறேன்.

நான் துவாக்குடி ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். நட்டுக்குக் கார்டு, போல்ட்டுக்குக் கார்டு, வாஷருக்குக் கார்டு. கார்டில் இருப்பது ரேக்கில் இருக்கும், ரேக்கில் இருப்பது கார்டில் இருக்கும். கல்யாணம் சமயபுரம் மண்டபத்தில், திருச்சியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் நூற்று எண்பத்தேழு பேரை ஏற்றிப் போக வேண்டும், பாலக்கரை ஜெகபர் சாதிக் பாய் வேன் தருகிறார் என்றதும் நான் ஒரு நாற்பது பக்க நோட்டைத்தான் எடுத்தேன். எடுத்த நோட்டைக் கீழே வைக்கச் சொன்னது யார்? நீதான். "இந்தக் காலத்துல போய் நோட்டா மாமா? எங்க டேட்டாபேஸ் எஞ்சின் ஏறுற இடம் வாரியா ஆளுங்கள குரூப் பண்ணி, வரிசை போட்டு, ஒரு செகண்டுல குடுத்துடும்" என்று சொல்லி, அங்கிருந்தபடியே என் லேப்டாப்பில் அதை ஏற்றியும் விட்டாய். ஒன்பது நாள் ஒற்றை விரலால் டைப் அடித்தேன். அந்த விரல் இன்னும் வலிக்கிறது.

முதலில் வரிசையைச் சொல்கிறேன். யார் முன்னால் வந்து இறங்கினால் மரியாதையாக இருக்கும் என்று யோசித்து, ஏறும் இடங்களுக்கு ஒன்றிலிருந்து பதினொன்று வரை நம்பர் கொடுத்தேன். உன் எஞ்சின் என்ன வரிசை போட்டது தெரியுமா? ஒன்று, அடுத்து பத்து, அடுத்து பதினொன்று, அதற்கப்புறம் இரண்டு. சாதிக் பாய் காகிதத்தில் இருப்பதை மீறாத மனுஷர். அந்த வரிசையிலேயே வேனை அனுப்பினார். பத்தும் பதினொன்றும் துவாக்குடியில் என்னோடு வேலை பார்த்தவர்கள், மரியாதைக்குக் கூப்பிட்டவர்கள். அவர்கள் ரெண்டாவது மூணாவதாக வந்து இறங்கி, முன்வரிசை நாற்காலியைப் பிடித்து, முதல் பந்தியையும் முடித்துவிட்டார்கள். நான் சமையல்கட்டில் நின்ற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வர, வாசலில் நம் ஆள் ஒருத்தரும் இல்லை. பழைய வெல்டர் பீமராவ்தான் சந்தனத் தட்டை எடுத்து நீட்டி வரவேற்றிருக்கிறார். சம்பந்தியின் அண்ணன் இன்றைக்கும் அவரைத்தான் பெண்ணுடைய அப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இதை உன்னிடம் கேட்டால், "அந்தக் கட்டத்துல இருக்கிறது நம்பர்னு நீங்க சொல்லலையே மாமா, எஞ்சின் எழுத்துன்னு எடுத்துக்கிச்சு, ஒண்ணுல ஆரம்பிக்கிறதெல்லாம் முன்னால வந்துடுச்சு" என்கிறாய். பத்தைப் பார்த்தால் பத்து என்று தெரியாதா அதற்கு? அதையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டுமென்றால் எனக்கு எதற்கு எஞ்சின்?

சரி, அது போகட்டும். இப்போது குரூப்புக்கு வருகிறேன். வெளியாட்களுக்கெல்லாம் ஏறும் இடம் எழுதினேன்: தில்லைநகர், அம்மா மண்டபம், மலைக்கோட்டை தெப்பக்குளம் என்று. நம் சொந்தக்காரர்களுக்கு எழுதவில்லை. சித்தப்பா எங்கே குடியிருக்கிறார் என்று எவனாவது எழுதி வைப்பானா? அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டேன். உன் எஞ்சின் காலியாக இருந்தவர்களையெல்லாம் ஒரே குரூப்பாகச் சேர்த்துவிட்டது. காலியும் காலியும் ஒன்றா என்று உன்னைக் கேட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துப் பார். "ஒண்ணான்னு கேட்டா 'தெரியாது'ன்னுதான் மாமா எஞ்சின் சொல்லும். ஆனா குரூப் பண்றப்ப மட்டும் ஒண்ணுன்னு வச்சுக்கும். உலகம் பூரா அப்படித்தான்." ஸ்டோரில் நான் இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பார்கள். அதோடு விட்டதா? காலி குரூப்பை வரிசையில் கடைசிக்குத் தள்ளியது. கடைசிக்குத் தள்ளியதை அச்சிடவே இல்லை. இதற்கு மட்டும் நீ போனில் கொஞ்சம் இழுத்துவிட்டு, "கடைசி குரூப் காலியா இருந்தா வரிசை போட்டு முடியறப்ப விழுந்துடுது. இது பக்தான் மாமா, ஒத்துக்கிறேன்" என்றாய். விழுந்துவிடுகிறதாம். விழுந்தது என் சித்தப்பா, என் மச்சான், என் குடும்ப மானம்.

நானும் உன் அத்தை செல்லக்கிளியும் முந்தின நாளே பெண்ணோடு மண்டபத்துக்குப் போய்விட்டோம். காலை ஆறு மணிக்கு நம் தெருமுனையில் பதினான்கு பேர் பட்டும் ஜரிகையுமாக, சீர்த்தட்டுகளோடு நிற்கிறார்கள். வேன் வரவில்லை. ஏழரை வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் சமயபுரம் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள். பஸ் முழுக்க அம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம். செல்லக்கிளியின் கூடப்பிறந்த மச்சான் மடியில் இருந்த தட்டைக் கோயிலுக்கென்று நினைத்து, ஒரு அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு கொத்து வேப்பிலையையும் அதில் வைத்திருக்கிறார். பின்னாலிருந்த இன்னொருத்தர் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார். இவர்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது தாலி கட்டி முடிந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். தாய்மாமன் சீர், வேப்பிலையோடு, வாசலில் நிற்கிறது. "இத இப்ப யார்கிட்டங்க குடுக்கிறது?" என்று மச்சான் கேட்டார்.

அதற்கப்புறம்தான் போட்டோகிராபர் "பொண்ணோட அத்தை வாங்க" என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. பெண்ணோடு அறையில் இருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். முதல் வேனில் வந்திருப்பாள் என்று பதினான்கு பேரும் நினைத்திருந்தார்கள். யமுனாவைத் தோளில் போட்டு வளர்த்தவள் அக்காதான்; அத்தை இல்லாமல் பல்லைக்கூடக் காட்டமாட்டேன் என்று அந்தப் பெண் மேடையில் உட்கார்ந்து அழுகிறது. முழங்கால் வலி, காலையில் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள் அக்கா. வீட்டு வாசலுக்கே வேன் வரும், ரெடியாக இரு என்று சொன்னவன் நான். பன்னிரண்டு மணி வரை அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பிறகு நைட்டிக்கு மாறி ரசம் வைத்திருக்கிறாள். சாயங்காலம் செல்லக்கிளி கேரியரில் விருந்து சாப்பாடு கொண்டுபோனதற்கு, "கூப்பிடத் தோணல, சரி. சோறு மட்டும் எதுக்கு அனுப்புறான்?" என்று கேட்டாளாம். நான் போனால் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள். எனக்கு அறுபத்தாறு வயது. அக்கா பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். முதலில் அந்த எஞ்சினை ஒழுங்காகச் சரிசெய். உன் மேலதிகாரி ஆஷ்லி அம்மையார் "பிழை மறுபடி வருதான்னு பார்க்கணும், ஒரிஜினல் பட்டியல் வேணும்" என்று கேட்டதாகச் சொன்னாயே, அதை இதோடு அனுப்புகிறேன். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். அடுத்தது, உன் அம்மாவுக்குப் போன் போட்டு, "தப்பு மாமா மேல இல்லம்மா, எங்க கம்பெனி மேல" என்று உன் வாயால் சொல். அந்த அம்மையாரையும் சொல்லச் சொல், இங்கிலீஷில் சொன்னாலும் அக்கா கேட்டுக்கொள்வாள்.

குளிரில் தலைக்குக் குல்லா இல்லாமல் திரியாதே. வேளைக்குச் சாப்பிடு. உன் மேல் கோபம் இருந்தாலும் அரங்கன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார், வைக்க நான் விடமாட்டேன். செல்லக்கிளியும் யமுனாவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

கோபத்திலும் அன்பு மாறாத மாமன்,
பிச்சமுத்து

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் டைப் அடித்துவிட்டு, பட்டியலை இணைப்பதற்கு முன் ஒரு தடவை திறந்து பார்த்தேன். காலிக் கட்டத்தில் பதினான்கு பேர் இருக்கிறார்கள். மச்சான் இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார். அக்கா இல்லை. மேலிருந்து கீழ் மூன்று முறை பார்த்தேன். நூற்று எண்பத்தேழு பேரில் ஜெனரேட்டர்காரர் பிரவீன்ராஜ் இருக்கிறார், அவருடைய மச்சினர்கூட இருக்கிறார். ராசாத்தி என்று எந்த வரியிலும் இல்லை. அவள் பெயரை நான் எழுதவே இல்லை, வளவா. சொந்த அக்காவைப் பட்டியலில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கேட்டது சரிதான். எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது. நீ அம்மாவுக்குப் போன் போட வேண்டாம். நானே நேரில் போய்ச் சொல்கிறேன், இன்றைக்கோ நாளைக்கோ. ஆனால் ஒரு உதவி செய்: அந்த பக்கை உடனே சரிசெய்துவிடாதே. அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லி முடிக்கும் வரை, பழி போட எனக்கு அது வேண்டும்.