குடைத் தரகர் பார்த்த வரன்

இராமநாதபுரத்துக் கல்யாணங்களில் பாதி தன் குடையின் கீழ்தான் நிச்சயமாயின என்று குடைத் தரகர் சொல்லிக்கொள்வார். மீதிப் பாதி சரியாக அமையாததற்கு அந்தக் குடைக்கு வெளியே நிச்சயமானதுதான் காரணம் என்பார். மழையே எட்டிப் பார்க்காத ஊரில் அந்தக் கறுப்புக் குடை எதற்கென்று யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்குக் காலேஜை வரனாகப் பார்த்துக் கொடுத்த தரகர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அந்தப் பெண் நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். மதுரையில் எல்லோருக்கும் தெரிந்த காலேஜில் இடமில்லை என்று பதில் வந்துவிட்டது. வேறு காலேஜ் இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். ஜவுளிக்கடை வைத்திருந்த அய்யா, "அப்ப ஆவணியில கல்யாணந்தான்" என்று முடித்துவிட்டார். மறுநாளே குடை வந்து நின்றது, பரமக்குடி மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு.

"மாப்பிள்ளைட்ட என்ன கொறை தாயி?" என்றார் என்னிடம்.

"ஒரு கொறையுமில்ல. நான் படிக்கணும்."

அழுதுவிட்டேன். தரகர் ஜாதகத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். எந்த வீட்டிலிருந்தும் அவர் வெறுங்கையோடு திரும்பியதில்லை. அதில் அவருக்குப் பெரிய கர்வம். அய்யாவிடம் திரும்பினார்.

"மொதலாளி, காலேஜையே வரனா பாத்துருவோம். ஆவணிக்குள்ள நல்ல எடமா அமைஞ்சா அனுப்புவீகளா?"

எங்கே அமையப்போகிறது என்ற தைரியத்தில் அய்யா தலையாட்டிவிட்டார்.

வரனுக்கு எப்படி விசாரிப்பாரோ அப்படியே விசாரித்தார். ஊர் ஊராகப் போய் காலேஜ் வாசல் டீக்கடை, சலவைக்காரர், பூக்காரி, பஸ் கண்டக்டர் என்று ஒருவரையும் விடவில்லை. ஒரு காலேஜைக் கட்டடம் பிரமாதம் என்று சொல்லிவிட்டு, "சமையக்காரரு மொகத்துல சிரிப்பே இல்ல, வேணாம்" என்று தள்ளினார். இன்னொன்றில் வாட்ச்மேன் ரொம்பப் புகழ்ந்தாராம். அதனாலேயே சந்தேகப்பட்டுத் திரும்பிவிட்டார்.

கடைசியில் மதுரைக்கு அந்தப் பக்கம், பெயரே கேள்விப்படாத ஒரு பெண்கள் காலேஜைப் பிடித்தார். "லைப்ரரியில புஸ்தகம் கம்மிதான் மொதலாளி. ஆனா எல்லாம் அட்டை கிழிஞ்சு கெடக்கு. பிள்ளைக படிக்குதுக."

ராகுகாலம் தவிர்த்து நல்ல நேரம் பார்த்து எங்களை அழைத்துப் போனார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்த தட்டைப் பிரின்சிபால் அம்மாவின் மேசைமேல் வைத்தார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் தட்டைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பிள்ளைக்குத் தமிழ் நல்லா வரும். கணக்கு சுமாரு. கோவம் சாஸ்தி. பின்னாடி பேச்சு வரக்கூடாதுல்ல, அதான் முன்கூட்டியே சொல்லிர்றேன். இனி ஒங்க பக்கத்துக் கொறையச் சொல்லுங்கம்மா" என்றார் தரகர்.

போச்சு, ஆவணிக்குப் புடவை எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "மழை பெய்தால் இரண்டு வகுப்பு ஒழுகும். கெமிஸ்ட்ரிக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது."

தரகர் திரும்பி அய்யாவைப் பார்த்தார். "கொறைய மறைக்காத குடும்பம் மொதலாளி. என் சர்வீஸ்ல நான் பாத்ததே இல்ல. முடிச்சிருவோம்."

அய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. பிரின்சிபால் அம்மாள் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

சேர்ந்த மறுமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் வாசலில் அந்தக் குடை தெரிந்தது. மறுவீட்டுக்குக் கொண்டுவருவது போல முறுக்கும் அதிரசமும் தூக்கி வந்திருந்தார். உறவுக்காரர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள்.

"பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டாள் வாசல்காரம்மா.

ஊரில் எல்லா வீட்டு உறவுமுறையையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மனிதர், குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றார்.

நான் ஓடிப்போய், "எங்க பெரியப்பா" என்றேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று நான் சொன்னது பொய்யென்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை.