மச்சான் வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கப் போனேன்

சும்மா கிடைக்கிறது என்றால் மனிதனுக்குப் பாதி அறிவு போய்விடும். எனக்கு மீதியும் போய்விட்டது.

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு தொழிற்சாலை தன் கூரையிலிருந்த பழைய சோலார் பேனல்களைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே சூப்பர்வைசராக இருந்த என் நண்பன் ஃபாரூக் போன் செய்தான். “டேய், தூக்கிப் போடப் போறாங்க. லாரி கொண்டு வந்தா எல்லாம் உனக்குத்தான் லா!”

நான் இருப்பது ஆங் மோ கியோ அடுக்குமாடியில். என் தலைக்கு மேலே இருப்பது கூரை அல்ல, இன்னொருவர் வீட்டுத் தரை. சொந்தத்தில் கூரை வைத்திருப்பவர் ஒருவர்தான்: செம்பவாங்கில் தரைவீடு வாங்கிய என் மனைவி மலரின் அண்ணன். அந்த வீட்டு விருந்துகளில் எனக்கு நிரந்தர உத்தியோகம், ஐஸ் வாங்கி வருவது. (மாப்பிள்ளை மரியாதை என்பது இதுதான்.) வேறெதற்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அந்த வீட்டுக்கே நான் மின்சாரம் கொடுத்துவிட்டால்?

“முதல்ல அண்ணன்கிட்ட கேளுங்க,” என்றாள் மலர்.

“கேட்டா யோசிப்பார். நேர்ல பார்த்தா சரின்னுடுவார்.”

தீபாவளியன்று எல்லோரும் பலகாரத்தோடு வந்தார்கள். நான் லாரியோடு போனேன். வாசலில் பேனல்களை அடுக்கிவிட்டு, விருந்தாளிகள் முன்னால் சூரிய சக்தியைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

“நல்லாத்தான் இருக்கு மாப்ளே. கூரை தாங்குமான்னு ஆளை வச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்,” என்றார் மச்சான்.

அவர் மகள் காவ்யா கேட்டாள்: “மாமா, இதெல்லாம் ஒர்க் ஆகுதான்னு செக் பண்ணீங்களா?”

பண்ணவில்லை. அதைச் சொல்லாமல் சமாளிக்க, “அழகா இருக்குமான்னு முதல்ல பாருங்க!” என்று ஏணியை இழுத்துப் போட்டேன். ஒரு பேனலைத் தூக்கிக் கொண்டுபோய்க் கார் நிறுத்தும் இடத்தின் கூரைச் சரிவில் வைத்துவிட்டு, கைதட்டலுக்காகத் திரும்பினேன். அது வழுக்கிக்கொண்டு நேராக மச்சானின் புதுக் காரின் முன்கண்ணாடியில் இறங்கியது.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. “யாருக்கும் அடிபடலையே? பரவாயில்ல மாப்ளே. உள்ள ஐஸ் தீர்ந்துடுச்சு, வாங்கிட்டு வந்துடுறீங்களா?” என்றார்.

பிறகு ஒரு சோலார் கம்பெனியில் விசாரித்தேன். பேனல் மட்டும்தான் இலவசமாம். தாங்கும் சட்டம், இன்வெர்ட்டர், வயரிங், அனுமதி எதுவும் இலவசம் இல்லை. என்னுடையவற்றில் பலவற்றுக்கு உயிரே இல்லை. தூக்கிப் போடக்கூட நான்தான் காசு கொடுத்தேன். அடுத்த வருஷம் மச்சான் வீட்டுக் கூரையில் புதுப் பேனல்கள் ஏறின. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தபோதுதான் எனக்கே தெரியும். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவைத்தேன்.

போன மாதம் சிராங்கூன் ரோட்டில் ஒரு பாத்திரக் கடையில், வாங்கிய குக்கரோடு இலவசமாக ஒரு வாளியை என் கையில் கொடுத்தார் கடைக்காரர். மலர் பதறிப்போய்ப் பிடுங்கினாள். “அண்ணே, ஃப்ரீன்னு சொல்லி இவர்கிட்ட எதையும் குடுக்காதீங்க!”

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அட, செம்பவாங்ல கார் கண்ணாடிய உடைச்சது நீங்கதானா சார்?”

அந்தக் கடைக்கு நான் போனது அன்றுதான் முதல் தடவை.