அப்பாவின் தூளி: ஒரு நபர் மட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே மூவரும் நலம் என்று எழுத வேண்டும். மூவரும் ஒழுங்காகத் தூங்கி ஐந்து மாதம் ஆகிறது என்பதுதான் நிலவரம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் கடிதம். அம்மாவே கொண்டுவந்து தருவாள். சனிக்கிழமை வருகிறாள், பின்னறையை ஒழித்து வை.

முப்பத்தொரு வருஷம் கப்பல் இயந்திர அறையில் கிடந்த அப்பாவுக்கு, ஓய்வு பெற்று வந்ததும் வீட்டுக் கட்டில் ஒத்துவரவில்லை. "ஆடாத கட்டில்ல மனுஷன் எப்படிடா தூங்குவான்?" என்று புரண்டு புரண்டு அம்மாவையும் எழுப்பிவிடுகிறார். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் லிஃப்ட் மாட்டுறவனாச்சே, கயிறு கொக்கியெல்லாம் உனக்குத் தெரியுமே. சனிக்கிழமைக்குள்ள அவரைத் தூங்க வை. இல்லேன்னா நான் மூத்தவ வீட்டுக்குப் போறேன்." ஆடுகிற படுக்கை என்றால் தூளிதான். பெரியவர்களுக்கும் கடையில் விற்கிறது, ஹம்மாக் என்கிறார்கள். "பேத்திக்குக் கட்டுனதை இப்ப தாத்தாவுக்கா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் முதலில், "சாரோட வாழ்க்கை முறை எப்படி?" என்றார். "எண்ணெய் ஊத்துறது, திட்டு வாங்குறது" என்றார் அப்பா. கயிறு எத்தனை கிலோவில் அறும் என்று நான் கேட்டால், எத்தனை நிறத்தில் கிடைக்கும் என்று அந்த ஆள் பதில் சொல்கிறார். நூல் வலையில் படுத்த அப்பாவின் சட்டைப் பொத்தான் சிக்கி, மீனை எடுப்பது மாதிரி எடுத்தோம். இரண்டு முனையிலும் கட்டை வைத்து விரித்தது பார்க்க அழகு, படுத்தவுடன் ஆளைக் கவிழ்த்துவிட்டது. கடலில் விழாதவர் கடையில் விழுந்தார். கடைசியில் கெட்டித் துணியில் நல்ல அகலமாக ஒன்று எடுத்தேன். குறுக்கே சாய்ந்து படுத்தால்தான் முதுகு நேராக இருக்கும், அதற்கு அகலம் வேண்டும்.

கூடத்துச் சுவரில் கொக்கி அடித்துத் தொய்வாகத்தான் கட்டினேன். "இது கட்டுன லட்சணமா?" என்று நான் வேலைக்குப் போன நேரத்தில் அப்பா விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டார். அவர் எண்பது கிலோ. தொய்வாக இருந்தால் கொக்கிக்கு எண்பதோடு போகும், விறைத்தால் முந்நூறு. கணக்குக் கேட்கிற ஆளா அவர்? கொக்கி, காரை, அரைச் செங்கல், அப்பா, எல்லாம் ஒன்றாக இறங்கின. மறுநாள் நானே கூடத்துத் தூண் இரண்டிலும் போல்ட் அடித்து, நானூறு கிலோ தொங்கவிட்டுச் சோதித்து, லிஃப்டில் ஒட்டுவது போல, "ஒரு நபர் மட்டும். அதிக எடை ஏற்றாதீர்" என்று அட்டையும் மாட்டினேன். படுத்தார். ஐந்தே நிமிஷத்தில் குறட்டை.

வேலை முடிந்தது என்று பார்த்தால், அம்மா பையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "அதான் தூங்கிட்டாரேம்மா." "அவர் தூங்கிட்டார். முப்பத்தொரு வருஷம் நான் தனியாப் படுத்தேன். வீட்டுக்கு வந்தும் கூடத்துல போய்த் தொங்குறார்." இதற்கு நான் எந்தப் போல்ட் போடுவது? பிரச்சினை என்னவென்று சரியாகக் கேட்காமலே தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது. நீயாவது அவளிடம் பேசு.

மாமாவுக்கு வணக்கம், சின்னவளுக்கு முத்தம். எல்லாரும் நன்றாகத் தூங்குங்கள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: இந்தக் கடிதம் தபாலில் வந்திருப்பதைக் கவனித்திருப்பாய். பின்னறையை ஒழிக்க வேண்டாம். இன்று காலை எழுந்து வந்தால் என் அட்டை சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. தூளியில் இரண்டு பேர், உன் வீட்டுக்குக் கட்டிய பை இருவருக்கும் தலையணை. சொன்னபடி குறுக்கேதான் படுத்திருந்தார்கள். மொத்தம் நூற்றைம்பது கிலோ வரும், கொக்கி தாங்கும்; துணியைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "டீ நீயே போட்டுக்க. போறப்போ லேசா ஆட்டிவிட்டுட்டுப் போ" என்றாள்.