முருகன் படம் போட்ட கவர்

கேட்டி, டெக்சாஸ்
மார்ச் 9, 1997, ஞாயிறு

அன்புள்ள செல்வராஜ் மாமாவுக்கு,

அக்கா மகன் தீபக் எழுதுவது. நீங்களும் அத்தையும் சுகம் என்று நம்புகிறேன். மருந்துக் கடை சுகம் என்பது எனக்கே தெரியும். ஊருக்கு வந்து திரும்பிய சாந்தி ஆன்ட்டியிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவுக்கு அடியில் அத்தாட்சி இருந்தது.

இனிமேல் அந்த மாத்திரைகளை அனுப்பாதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மெடிக்கல் காலேஜில் சேர்ந்த வருடம், "கண்ணு முழிச்சுப் படிக்கோணுமல்ல மாப்ளே, ஒண்ணு போட்டுக்கோ" என்று போனில் சொல்லிப் பத்து அனுப்பினீர்கள். மூன்றாம் வருடத்தில், வார்டுக்குப் போக இரண்டு, வந்து தூங்க வேறொன்று என்று ஆகிவிட்டது. நான் மட்டுமில்லை, வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான். போதைப் பழக்கம் பற்றி ஒரு பேராசிரியர் மூன்று மணி நேரம் பேசினார். தூங்கிவிடாமல் அதைக் கேட்பதற்காகவே ஆளுக்கொன்று விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். முடிவில் ஒரு படிவம்: உங்களுக்குப் பழக்கம் ஏதும் உண்டா? எல்லோரும் 'இல்லை' என்று குறித்தோம். மாத்திரை வேகத்தில் நான் போட்ட டிக் மட்டும் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் கடைக் கவரை, ஏழெட்டு மாத்திரையோடு, வார்டில் கை கழுவும் இடத்தில் மறந்து வைத்துவிட்டேன். வார்டைத் துடைக்கிற எர்னெஸ்டோ அதை எடுத்துத் தன் வண்டியில் வைத்திருக்கிறார். என்னிடம் கொடுக்கத்தான், என் பேனா, கண்ணாடி எல்லாம் இதுவரை அவர்தான் தேடிக் கொடுத்திருக்கிறார். அதற்குள் மேற்பார்வை அம்மாள் பார்த்துவிட்டார். கவரில் இருப்பது என்ன மொழி என்று யாருக்கும் புரியவில்லை. படித்துச் சொல்ல என்னையே கூப்பிட்டார்கள். 'ஸ்ரீ திருமூர்த்தி மெடிக்கல்ஸ், கரூர்', எல்லாம் தமிழில், மேலே வேலும் மயிலுமாக முருகன். நான் முருகனைப் பார்த்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, இது கோயில் கவர், திருநீறு மடித்துக் கொடுப்பார்கள், கவர் என்னுடையது, மாத்திரை எப்படி வந்ததென்று தெரியாது என்று. அந்த அம்மாள் மாத்திரைகளைக் கொட்டி எடுத்துக்கொண்டு, கவரை இரண்டு கையாலும் பயபக்தியோடு என்னிடம் தந்து, மன்னிப்பும் கேட்டார். "சாமி பேப்பர்ல போய் இதை வெச்சிருக்கியே!" என்று எர்னெஸ்டோவிடம் கத்தினார். "டாக்டரோடதுங்க" என்று அவர் இரண்டு முறை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. அன்று சாயங்காலமே அவருக்கு வேலை போய்விட்டது. பதினான்கு வருட வேலை. இதே மாத்திரையோடு ஜனவரியில் என் வகுப்பில் ஒரு சர்ஜனின் மகன் பிடிபட்டான் மாமா. அவனை ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பி, பின்னாலேயே பூங்கொத்தும் அனுப்பினார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "கம்முனு இருடா. கிரீன் கார்டே இப்பத்தான் வந்துச்சு. டாக்டரானப்புறம் அந்தாளுக்கு ஃப்ரீயா வைத்தியம் பண்ணிக்கலாம்" என்றாள். அந்த மனுசனுக்கு என்ன நோய் மாமா? நோய் எனக்கல்லவா?

நாளைக்கு டீனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். படிப்பு போனால் போகட்டும், அவருக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். நீங்களும், "அமெரிக்காவுல டாக்டருக்குப் படிக்கிற என்ற அக்கா பையனே இதைத்தான் போடறான்" என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விற்பதை நிறுத்துங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி இந்த முறை தபாலில் வந்தால் போதும், டப்பாவில் வேண்டாம்.

உங்கள் மருமகன்,
தீபக்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. திங்கள் டீன் ஊரில் இல்லை. செவ்வாய் இருந்தார், எனக்கு வார்டு இருந்தது. நேற்று அவர் கதவு திறந்துதான் இருந்தது. மாதக் கடைசியில் பரீட்சை முடியட்டும் என்று வந்துவிட்டேன். அதற்கடுத்த பரீட்சை மே மாதம். ஷ்யாமளா ஆன்ட்டி ஏப்ரல் ஐந்தாம் தேதி கரூரிலிருந்து இங்கே கிளம்புகிறாராம். பழைய அளவே கொடுத்தனுப்புங்கள். கவரில் போட்டே அனுப்புங்கள். முருகன் படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.