மூன்றாம் அதிகாரம் வெளுத்த கதை

தூத்துக்குடியில் வேதத்தைக் கடலுக்குள்ளும் பவளத்தை மாதா கோவிலுக்குள்ளும் கொண்டுபோய், இரண்டு பக்கமும் ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்காமல் செய்த ஒரே ஆள் வசனம் அண்ணாச்சிதான்.

முன்பு சங்கு குளித்தவர். பிறகு எங்கள் கடல் ஆய்வு அலுவலகத்தில் முக்குளிக்கச் சேர்ந்தார். கடலடியில் சிமெண்ட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்ப்போம். அவர் மேலே வந்து சொல்வதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. வேதப் புத்தகக் கணக்கில் அவருக்குச் சட்டம் என்றால் அதிகாரம், துண்டு என்றால் வசனம். "மூணாம் அதிகாரம் பதினோராம் வசனத்த மீனு கடிச்சிருக்கு வே" என்பார். நானும் அப்படியே அடித்து அனுப்பித் தொலைத்தேன். எங்கள் அலுவலகத் தலைவி மேடம் அன்று முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் வேதம் வாசித்துப் பேசும்போது நிலைமை இன்னும் மோசம். "பவளத்துக்குள்ள பாசி குடியிருந்து சோறு போடுதுல்லா, அதே மாதிரி வசனத்துக்குள்ள நாம குடியிருக்கணும்" என்றார் ஒருமுறை.

"அப்ப யாரு யாருக்குச் சோறு போடுதா?" என்று கூட்டத்துக்கு வந்திருந்த பங்குச்சாமியாரே கேட்டுவிட்டார்.

"அதான் சாமி எனக்கும் விளங்கல."

ஒரு சித்திரையில் கடல் வெந்நீராய்க் கொதித்தது. பவளத்துக்கு நிறம் கொடுக்கும் பாசியெல்லாம் வெளியேறி, மூன்றாம் சட்டம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், செத்ததைப் பிடுங்கிவிடுங்கள் என்றார் மேடம்.

"சாகல மேடம். பாசி கோவிச்சிட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான். காய்க்காத அத்திமரத்த வெட்டச் சொன்ன மொதலாளிகிட்ட, இன்னும் ஒரு வருசம் விடுங்கன்னு தோட்டக்காரன் கேக்கலியா?"

"எந்தத் தோட்டக்காரன்?" என்று மேடம் என்னைப் பார்த்தார். வேதக் கதையில் வருகிற தோட்டக்காரன் என்று நான் விளக்க வேண்டியதாயிற்று.

"ஆவணி வரைக்கும் பாப்பேன். தேறலன்னா நீங்க வேலைக்கு வர வேண்டாம்" என்று முடித்துவிட்டார் மேடம். கடலுக்கு வெளியே ஒரு வேலையும் தெரியாத மனுசன்.

ஆடிக் காற்றில் தண்ணீர் ஆறியது. ஒவ்வொரு முறையும் அண்ணாச்சி மேலே வந்து உதட்டைப் பிதுக்குவார். ஆவணி பிறந்த அன்று படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "பதினோராம் வசனம் பழுப்பாயிருக்கு வே, பாசி திரும்பிட்டு" என்றார். சில துண்டுகள் நிஜமாகவே செத்துப்போயின, பொய் சொல்லக் கூடாது. பாதிக்கு மேல் தேறிவிட்டன. அந்த மாத அறிக்கையில் மேடமே 'அதிகாரம் 3' என்று எழுதியிருந்தார்.

இந்த மாதத்தோடு அண்ணாச்சிக்கு வேலை முடிகிறது. முக்குளிக்க வயதில்லை என்கிறார்கள். படகிலாவது உட்காரட்டும், இன்னும் ஒரு வருசம் விட்டுப் பார்க்கலாம் என்று மனு எழுதிக் கொடுத்தேன். எந்தத் தோட்டக்காரன் என்று மேடம் இந்த முறை கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவர் போனால் வெளுத்துப்போகிறவன் நான்தான் என்பதை மட்டும் மனுவில் எழுதவில்லை.