பூண்டு மூட்டைக்கு ஒரு வக்கீல்

சட்டக் கல்லூரியில் ஒரே ஒரு வருடம் படித்தவரைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. எங்கள் செல்வம் அண்ணனுக்குப் பரிசம் போடப் போன வெள்ளிக்கிழமை, நான் முதல் வருடத்தை முடித்து எண்ணிப் பதினோரு நாள்.

பூம்பாறையிலிருந்து ஜீப்பில் கிளம்பினோம். பெண் வீடு பெருமாள்மலையில். பத்தரைக்கு ராகுகாலம்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். சீர்த்தட்டுகளோடு சம்பந்தி வீட்டுக்கென்று ஒரு மூட்டை பூண்டும் வந்தது. வழியில் சோதனைச்சாவடி ஏட்டையா கைகாட்டினார்.

“மூட்டையில என்ன?”

“பூண்டுங்க சார்” என்றார் அப்பா.

(கேட்டிருக்கவே வேண்டாம். வாசம் எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.)

“சரி, போங்க.”

போயிருக்கலாம். நான் குதித்து இறங்கினேன். “எந்தச் சந்தேகத்துல நிறுத்துனீங்க? எழுத்துல குடுங்க!”

“அதான் போகச் சொல்லிட்டேனேம்மா.”

“பொம்பளைங்க இருக்கோம். பெண் போலீஸ்தான் சோதிக்கணும்!”

“நான் பூண்டைத்தானேம்மா கேட்டேன்?”

“ஏத்தா, வாய மூடிட்டு வண்டியில ஏறு” என்று அப்பா கெஞ்சினார். ஆனால் ஏட்டையாவுக்கு இப்போது நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு சட்டம் தெரிந்த பூண்டை அவர் பார்த்ததில்லை.

“கொட்டுங்கய்யா மூட்டைய!”

ரோடெல்லாம் பூண்டு. நடுவில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தால், பெண்ணுக்குப் போடவேண்டிய தங்கச் சங்கிலி! அம்மாவுக்குப் பீரோமேல் நம்பிக்கை கிடையாது. பூண்டு மூட்டைக்குள் எந்தத் திருடனும் கைவிட மாட்டான் என்பது அவர் கட்சி. (போலீஸ் கைவிடும் என்று யோசிக்கவில்லை.)

“ரசீது?”

“வீட்டுல கெடக்குங்க” என்றார் அம்மா.

“அப்ப ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்க.”

மணி பத்து. அண்ணன் முகம் அழுகிற பதத்துக்கு வந்துவிட்டது. எனக்கோ பரம சந்தோஷம். “கைதானவங்களுக்கு விருப்பப்பட்ட வக்கீலைப் பார்க்க உரிமை இருக்கு!” என்று முழங்கி, போனை எடுத்தேன். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒரே ஒருவர்தான். பெண்ணின் அப்பா.

பட்டு வேட்டியும் கறுப்புக் கோட்டுமாக வந்து இறங்கினார். “யாரை சார் கைது பண்ணீங்க?”

“யாரையும் இல்லைங்க. முதல்லயே போகச் சொல்லிட்டேன். பாப்பாதான் போகமாட்டேங்குது.”

வக்கீல் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சங்கிலியை. “இது எம்பொண்ணுக்குப் போடுற நகைதான் சார், நான் எழுதித் தாரேன்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது.

“வீட்டுக்குப் போனா ராகுகாலம் வந்துரும். சம்பந்தி, வெரசா தட்டை எடுங்க!”

சோதனைச்சாவடி மேசையிலேயே தட்டு மாறியது. பின்னால் தேங்கி நின்ற சுற்றுலா வண்டிகளின் ஹாரன்தான் கெட்டிமேளம். முதல் வெற்றிலை பாக்கு ஏட்டையாவுக்கு.

அண்ணி அந்தச் சங்கிலியை எத்தனையோ தடவை பாலிஷ் போட்டாயிற்று, வாசம் போகவில்லை. நான் இப்போது அதே வக்கீலிடம்தான் ஜூனியர். கோர்ட்டில் பேச எழுந்தால் போதும், கோட்டைப் பிடித்து இழுத்து மெல்லக் கேட்பார்:

“ஏம்மா, போகச் சொல்லிட்டாங்களான்னு முதல்ல பார்த்தியா?”